வெண்பா தட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஓசைக் கட்டுப்பாடு மிகுந்த மரபுப் பாவகையான வெண்பாவைப் புலவர்க்குப் புலி என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு எழுத உட்கார்ந்தவர்கள்கூட, நாலு அடி முடிந்ததும் எங்கோ ஏதோ இடிக்கிறது என்று தெரிந்து, எது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். விதி தெரிவது வேறு, உடைந்த இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு. இங்கே விதிகளை வரிசையாகச் சொல்லப் போவதில்லை. எழுதிய பாட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகலாம்.

முதலில் நோயாளி. தொடங்கும் நிலையில் இருப்பவர் எழுதக்கூடிய ஒரு நேரிசை வெண்பா (நாலடியில், இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் பெற்று வரும் வெண்பா) முயற்சி இது:

கொட்டும் மழையில் குடையில்லாமல் நின்றேன்
எட்டி ஓடினேன் ஏறுவதற்குள் – பஸ்
வேகமாகப் போயிற்று பின்னே புகைமட்டும்
யாரிடம் சொல்வேன் நான்

நல்ல விஷயம் இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்டவனின் எரிச்சல் உண்மையானது. ஆனால் இது இன்னும் வெண்பா ஆகவில்லை. பல இடத்தில் உடைந்திருக்கிறது.

பார்க்கும் முன் ஒரு நிமிடம்: அலகிடுதல்

அலகிடுதல் என்றால் பாட்டை அசைகளாகவும், அசைகள் சேர்ந்த சீர்களாகவும் பிரித்துப் பார்ப்பது. அசை இரண்டு வகை. தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்றோடு (புள்ளி வைத்த மெய்யோடு) வந்தாலும் வராவிட்டாலும், நேர். இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலும் நெடிலும் சேர்ந்தாலும் நிரை; பின்னால் ஒற்று வந்தாலும் நிரைதான். சீர்களின் வாய்பாடு, அதாவது பெயர்: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இவற்றின் பின் இன்னொரு நேர் சேர்ந்தால் காய் (தேமாங்காய் போல). நிரை சேர்ந்தால் கனி. வெண்பாவுக்குள் மா, விளம், காய் மூன்றும் வரலாம், கனி வரக்கூடாது. ஈற்றடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு.

பென்சிலால் ஒவ்வொரு சீருக்கு மேலும் அதன் வாய்பாட்டை எழுதுங்கள். மனத்துக்குள் போட்டுப் பார்ப்பது போதாது. மனம் தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும்.

அறிகுறி: சத்தமாகப் படித்தால் ஒரு சொல்லில் நாக்கு தடுக்குகிறது

தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை, தட்டியிருக்கிறது. மா முன் நிரை (மாச்சீரை அடுத்து நிரையில் தொடங்கும் சீர்), விளம் முன் நேர், காய் முன் நேர். வெண்பாவுக்கு இந்த மூன்றும்தான். வேறு சலுகை கிடையாது.

மேலே உள்ள பாட்டில் இரண்டாம் அடியைப் படியுங்கள். ‘எட்டி’ என்று தொடங்கும்போதே ஒரு முட்டல் இருக்கும். பலர் உடனே ‘எட்டி’யை மாற்றப் போவார்கள். ஆனால் கோளாறு அதில் இல்லை. முதலடியின் கடைசிச் சீர் ‘நின்றேன்’, அதாவது தேமா. மாவுக்குப் பின் நிரை வரவேண்டும், வந்திருப்பதோ நேர். தளை அடி மாறும் இடத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும், வரி முடிந்ததும் நின்றுவிடாது என்பது புதிதாக எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி மறந்துபோகிறது.

ஆகவே முதல் பழக்கம் இது: நாக்கு எந்தச் சீரில் தடுக்கிறதோ, அதற்கு முந்தின சீரைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் மருந்து கிடைக்கும். காரணம் எளிது. நம் வினைச்சொற்களுக்கு இருக்கும் நெகிழ்ச்சி வேறு எதற்கும் இல்லை. ‘நின்றேன்’ தேமா. ‘நிற்கிறேன்’ கூவிளம். ‘நிற்கின்றேன்’ தேமாங்காய். ‘நின்றிருந்தேன்’ கூவிளங்காய். ஒரே வினையில் இத்தனை அச்சு இருக்கும்போது வேறு சொல் தேடி அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. இங்கே ‘நின்றிருந்தேன்’ போட்டால் காய்முன் நேராகிவிடும். பொருளும் கூடுகிறது: காத்திருந்த நேரம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

அடுத்த தடுக்கல் ‘எட்டி ஓடினேன்’. இதுவும் தேமா முன் நேர். இங்கே ஒரு குறுக்குவழி கண்ணில் படும்: ‘எட்டியே ஓடினேன்’ என்று ஓர் ஏகாரத்தைச் செருகினால் கூவிளமாகித் தளை சரியாகிவிடும். செய்யாதீர்கள். அந்த ஏகாரத்துக்கு அங்கே வேலை இல்லை, காது அதை உடனே கண்டுபிடித்துவிடும். முந்தின சீர் அசையாதபோதுதான் பிந்தின சீரைத் தொடவேண்டும். ‘எட்டி அடிவைத்தேன்’ என்றால் தேமா முன் நிரை. ஓட்டத்தைவிட அந்த ஒரு எட்டு கண்ணுக்குத் தெரிகிறது, இல்லையா?

தட்டும் ஓசை எப்படி இருக்கிறது என்பதையும் கேளுங்கள். உரைநடை வாசிப்பது போல, அறிக்கை படிப்பது போல இருந்தால் மா முன் நேரோ விளம் முன் நிரையோ புகுந்திருக்கும். அவை ஆசிரியத்தளைகள், அகவல் எனப்படும் ஆசிரியப்பாவுக்கு உரியவை. திடீரென்று துள்ளி ஓடுவது போல இருந்தால் காய் முன் நிரை வந்திருக்கும், அது கலித்தளை. பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தத் துள்ளல் இனிமையாகவே இருக்கும். அதனாலேயே இது தப்பித்துவிடும். இரண்டாம் தடவை அலகிடும்போது காய்ச்சீர்களை மட்டும் தனியாகச் சரிபார்ப்பது நல்லது.

அறிகுறி: ஒரு சீர் மட்டும் நீண்டு வழிகிறது, மூச்சு வாங்குகிறது

நாலசைச் சீரோ கனிச்சீரோ நுழைந்திருக்கிறது. ‘குடையில்லாமல்’: குடை, யில், லா, மல் என நான்கு அசை. ‘ஏறுவதற்குள்’ளும் அப்படித்தான்: ஏ, றுவ, தற், குள். இரண்டுக்கும் குறுகிய வடிவம் உண்டு. ‘இல்லாமல்’ என்பதை ‘இன்றி’ ஆக்கினால் ‘குடையின்றி’, புளிமாங்காய். ‘ஏறுவதற்குள்’ என்பதை ‘ஏறுமுன்’ என்றால் கூவிளம். முடிந்தது.

கனிச்சீர் இதைவிட நுட்பமான தொல்லை, இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் தினமும் எழுதும் உரைநடை வினைமுற்றுகளில் பாதி, கனியில் போய் விழுகின்றன. ‘போய்விட்டது’ தேமாங்கனி. ‘வந்துவிட்டது’ கூவிளங்கனி. ‘முடிந்துவிட்டது’ கருவிளங்கனி. ‘வருகின்றது’ புளிமாங்கனி. சரி, பிரித்துப் போடலாமே என்று ‘வந்து விட்டது’ என எழுதினால் தேமாவும் கூவிளமும் கிடைக்கும். மா முன் நேர், தளை போச்சு. சேர்த்தாலும் ஆகாது, பிரித்தாலும் ஆகாது. இன்றைய தமிழில் வெண்பா எழுதுவது கடினமாகத் தோன்றுவதற்கு இது ஒரு பெரிய காரணம். எழுதுகிறவருக்குச் சொல்வளம் இல்லை என்பதல்ல. கையில் வரும் முதல் வினைமுற்றே பாவுக்கு வெளியே நிற்கிறது.

மாற்று வடிவங்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ‘போய்விட்டது’க்குப் ‘போயிற்று’ (தேமாங்காய்) அல்லது ‘போனது’ (கூவிளம்). ‘முடிந்துவிட்டது’க்கு ‘முடிந்தது’ (கருவிளம்). ‘வருகின்றது’க்கு ‘வருகிறது’: வரு, கிற, து, கருவிளங்காய். ஒரே ஓர் ஒற்று போனதும் கனி காயாகிவிட்டது. பேச்சு வழக்கைச் சேர்த்துக்கொள்ளும் பாட்டு என்றால் ‘வந்தாச்சு’ அருமையான தேமாங்காய். பேச்சுத் தமிழ் வெண்பாவுக்கு எதிரி என்று நினைப்பவர்கள் அதை ஒரு தடவை அலகிட்டுப் பார்க்கலாம்.

ஐகாரம் வரும் இடத்தில் அவசரப்பட்டுக் கனி என்று தள்ளிவிடாதீர்கள். சொல்லின் முதலில் இல்லாத ஐகாரம் குறுகும்; குறிலாகக் கொள்ளலாம். ‘வாழையடி’யை வா, ழை, யடி என்று பிரித்தால் கனி. வா, ழைய, டி என்று பிரித்தால் கூவிளங்காய். இரண்டாவதுதான் சரி.

அறிகுறி: தாளில் எல்லாம் சரி, ஆனால் தெரிந்தவர் படித்தால் ‘தட்டுது’ என்கிறார்

புணர்ச்சியைக் கணக்கில் எடுக்காமல் அலகிட்டிருப்பீர்கள். இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, குற்றியலுகரம்: சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம். ‘காற்று அடிக்கும்’ என்று எழுதினால் தேமா, புளிமா, தளையும் சரி. ஆனால் வாயால் சொல்லும்போது அது ‘காற்றடிக்கும்’. உயிர் வந்ததும் குற்றியலுகரம் விலகிவிடும். இரண்டு சீர் என்று நினைத்தது ஒரே கூவிளங்காயாகச் சுருங்கிவிட்டது, அடியில் ஒரு சீர் குறைகிறது. பிரித்தே எழுதிவிட்டால் போதும் என்று இன்று சிலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வெண்பா காதுக்கானது, காதில் விழாத உகரத்தை எப்படி எண்ணுவது? ‘காற்று சுழன்று’ என்பது போல அடுத்த சொல்லை மெய்யில் தொடங்குங்கள், அல்லது ‘காற்றடிக்கும்’ என்பதையே ஒரு சீராக ஏற்றுக்கொண்டு மிச்சம் கிடைத்த இடத்தில் புதிதாக ஏதாவது சொல்லுங்கள். இரண்டாவது வழி பெரும்பாலும் பாட்டைச் செழிப்பாக்கும்.

மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. ‘சொல்வேன் இனி’ என்பதைச் ‘சொல்வே னினி’ என்று சேர்த்தாலும் அலகு மாறாது.

இன்னொன்று, வல்லினம் மிகும் இடம். ஒற்றுக்குத் தனி அலகு இல்லை என்பதால் சந்தியை விட்டாலும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். சீரின் கடைசியில் அது உண்மை: ‘அந்த’, ‘அந்தப்’ இரண்டுமே தேமா. சீரின் நடுவில் அப்படி இல்லை. ‘அந்தபடம்’ என்று ஒற்றை விட்டு எழுதினால் அந், தப, டம், கூவிளங்காய் போலத் தெரியும். முறைப்படி ‘அந்தப்படம்’ என்று எழுதினால் அந், தப், படம், தேமாங்கனி. ஒரு எழுத்துப்பிழை ஒரு கனிச்சீரை மறைத்துவிட்டது. முதலில் சந்தியைச் சரியாகப் போடுங்கள், அப்புறம் அலகிடுங்கள். வரிசை மாறக்கூடாது.

அறிகுறி: ஈற்றடி பாட்டை முடிக்கவில்லை, அந்தரத்தில் நிற்கிறது

வெண்பாவின் கடைசிச் சீர் நான்கே வாய்பாட்டில் முடியும்: நாள், மலர், காசு, பிறப்பு. அதாவது தனி நேர், தனி நிரை, நேரோடு குற்றியலுகரம், நிரையோடு குற்றியலுகரம். முற்றியலுகரம் வருவது அரிது, பழகும்வரை தவிர்த்துவிடுங்கள். ‘வந்தான்’, ‘தேநீர்’, ‘பார்த்தேன்’ எல்லாம் தேமா. இவற்றில் முடிக்க முடியாது.

நம் மாதிரிப் பாட்டில் ‘நான்’ என்பது நாள் வாய்பாடு, அந்த வகையில் சரிதான். ஆனாலும் முடிவு ஒட்டவில்லை. ஏன்? அதற்கு முன் ‘சொல்வேன்’, தேமா. மாவுக்குப் பின் நாளும் காசும் வராது. மலரோ பிறப்போதான் வரும். விளத்துக்கும் காய்க்கும் பின் நாளோ காசோ. கடைசிச் சீர் மட்டும் தளைக்கு வெளியே என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது, அது தவறு. ‘சொல்வது நான்’ என்று முந்தின சீரை விளமாக்கலாம். ஆனால் ‘சொல்வேன் இனி’ நன்றாக இருக்கிறது. ‘சொல்வேன்’ என்றாலே நான்தான். ‘நான்’ இடத்தை அடைத்ததே தவிர எதையும் சொல்லவில்லை. ‘இனி’யில் அடுத்த பஸ் வரும்வரை உள்ள வெறுமை இருக்கிறது.

ஈற்றடி தொடர்ந்து தகராறு செய்தால் அதை முதலில் எழுதுங்கள். மூன்று சீர்தான்; அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது, மேலிருந்து வந்து இடமில்லாமல் திணறுவதைவிட எளிது.

அறிகுறி: எதுகை போட்டும் ஓசை வரவில்லை

முதல் சந்தேகம், நீங்கள் வரிக் கடைசியில் ஒலி ஒத்துப்போக வைத்திருக்கலாம். அது இயைபு. வெண்பா கேட்பது அடியின் முதல் சீரில், இரண்டாம் எழுத்தில்.

இரண்டாவது, முதல் எழுத்தின் அளவு. ‘பட்டு’க்குப் ‘பாட்டு’ எதுகை ஆகாது. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘கட்டு’க்குக் ‘கடல்’ ஆகாது. ஒன்றில் இரண்டாம் எழுத்து ட், மற்றதில் ட. மாதிரிப் பாட்டில் ‘கொட்டும்’, ‘எட்டி’ பொருந்துகின்றன. ‘வேகமாக’, ‘யாரிடம்’ பொருந்தவில்லை. நேரிசை வெண்பாவின் பின்னிரண்டு அடிகள் வேறு எதுகை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவை இரண்டும் தமக்குள் ஒத்துப்போக வேண்டும். ‘பேருந்து’, ‘யாருக்கு’ என்று மாற்றினால் சரியாகிறது.

தனிச்சொல்லுக்கு வருவோம். இரண்டாம் அடியின் நாலாம் சீரான அது முன்னிரண்டு அடிகளின் எதுகையையே எடுக்க வேண்டும். ‘பஸ்’ அதைச் செய்யவில்லை. போதாக்குறைக்கு ஓரசையாக நடுவில் நிற்கிறது, அது ஈற்றில் மட்டுமே ஆகும். ‘சட்டென்று’ எதுகைக்கும் தளைக்கும் பொருந்துகிறது. அதைவிட முக்கியம், பஸ் எப்படிப் போனது என்ற செய்தி அதில் இருக்கிறது. தனிச்சொல்லை விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். பொருள் கொஞ்சமும் குறையவில்லை என்றால், ‘இட்டமுடன்’, ‘திட்டமிட்டு’ என்று எதுகைக்காக மட்டும் கொண்டுவந்த சொல் அது. மாற்றுங்கள்.

இதுவரை செய்த திருத்தங்களையெல்லாம் சேர்த்தால்:

கொட்டும் மழையில் குடையின்றி நின்றிருந்தேன்
எட்டி அடிவைத்தேன், ஏறுமுன் – சட்டென்று
பேருந்து போயிற்று; பின்னே புகைமட்டும்;
யாருக்குச் சொல்வேன் இனி?

மோனையையும், அதாவது சீர்களின் முதலெழுத்து ஒத்து வருவதையும், கவனியுங்கள்: கொ–கு, எ–ஏ, பே–பி. முதல் சீரும் மூன்றாம் சீரும். இகரத்துக்கு ஈ, எ, ஏ இனம், உகரத்துக்கு ஊ, ஒ, ஓ இனம் என்பதால் இவை மோனையாகும். மோனை இல்லாவிட்டாலும் வெண்பா வெண்பாதான். இருந்தால் பாட்டு தானாக நினைவில் நிற்கும்.

அறிகுறி: இலக்கணம் முழுக்கச் சரி, படித்தால் பொருள் பிடிபடவில்லை

வகையுளி, அதாவது ஒரு சொல்லை உடைத்து இரண்டு சீர்களில் போடுவது, மிகுந்திருக்கும். நம் முதலடியையே ‘கொட்டும் மழையில் குடையில்லா மல்நின்றேன்’ என்று வெட்டினால் நாலசைத் தொல்லையும் தீர்ந்துவிடும், அடுத்த அடியின் தளையும் சரியாகிவிடும். ஒரே வெட்டில் இரண்டு திருத்தம். மரபும் இதை அனுமதிக்கிறது. பழைய பாட்டுகளில் நிறையப் பார்க்கலாம். ஆனால் ‘மல்நின்றேன்’ என்று தொடங்கும் சீரைப் படிக்கிறவர், ஒரு கணம் மல்யுத்தத்துக்குப் போய்த்தான் திரும்புவார். அந்த ஒரு கணத்தில் மழை நின்றுவிடும். சொல்லின் இயல்பான மூட்டில் வெட்டினால் கண் தாங்கும்; விகுதியைத் துண்டித்து அடுத்த சீரில் ஒட்டினால் தாங்காது. வேறு வழி எல்லாம் அடைபட்ட பிறகே வகையுளிக்குப் போங்கள்.

‘தான்’, ‘தானே’, ‘ஆங்கு’, ‘அம்ம’ என்று நிரப்புவதும் இதே வகை. பாட்டை உரைநடையாக எழுதிப் பாருங்கள். உரைநடையில் தானாக உதிர்ந்துவிடும் சொற்கள் எவையோ அவையே நிரப்புச் சொற்கள். ஒரு வெண்பாவில் மூன்று நான்கு உதிர்ந்தால், சொல்ல வந்தது நாலடிக்குப் போதவில்லை என்று பொருள். அப்போது தளையைச் செப்பனிட்டுப் பயனில்லை. இரண்டே அடியில் குறள் வெண்பாவாக்குங்கள். திருக்குறளின் 1330 பாட்டும் ஏழு சீர்களில் முடிந்தவைதான். விஷயம் நாலடிக்கு மேல் வழிந்தால் நெருக்காதீர்கள். ஐந்தடி முதல் பன்னிரண்டடி வரை பஃறொடை வெண்பா இருக்கிறது. தனிச்சொல் மட்டும் அகப்படவில்லை என்றால் இன்னிசை வெண்பாவாக விட்டுவிடலாம்.

அறிகுறி: கருவி ‘வெண்பா’ என்கிறது, காது ‘இல்லை’ என்கிறது

அவலோகிதம் போன்ற, யாப்பைச் சரிபார்க்கும் கணினிக் கருவிகளில் பாட்டை இட்டால் சீர், தளை, எதுகை, மோனை எல்லாம் பிரித்துக் காட்டும். தனியாக இருந்து பழகுகிறவர்களுக்கு இது பெரிய துணை, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் நீங்கள் தட்டிய எழுத்தைத்தான் அது அலகிடும். சந்தியை விட்டிருந்தாலோ, ‘காற்று அடிக்கும்’ என்று பிரித்து இட்டிருந்தாலோ, விடையும் அதற்கேற்பத்தான் வரும். கருவிக்குக் கொடுக்கும் முன் புணர்த்து எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகும் காது மறுத்தால், தடுக்கும் சீரைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தின சீரிலிருந்து மறுபடி பாருங்கள்.